விழுப்புரம் சின்னையா கணேசன்

சிவாஜிக்கு எந்த ஊர் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தஞ்சாவூர்ப் பக்கம் என்பார்கள். சூரக்கோட்டைப் பண்ணை அவ்வளவு பிரசித்தம். விவரம் தெரிந்தவர்கள் திருச்சி சங்கிலியாண்டபுரம் என்பார்கள். ரசிகர்களைக் கேட்டால் தி.நகர் 'அன்னை இல்லம்'தான் ஊரும் கோயிலும். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து வேறொரு ஊரைச் சொல்கிறது. வி.சி.கணேசன்: விழுப்புரம் சின்னையா கணேசன்.

1928 அக்டோபர் 1-ம் தேதி விழுப்புரத்தில் பிறந்தார். அப்படியானால் 2028-ல் நூற்றாண்டு. சென்னையில் விழா எடுப்பார்கள், தஞ்சையில் எடுப்பார்கள், பாண்டிச்சேரியில்கூட எடுப்பார்கள். இந்தக் கட்டுரை விழுப்புரத்தின் சார்பில் ஒரு முன்பதிவு.

அப்பா சின்னையா மன்றாயர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர். தான் பிறந்த அன்றேதான் அப்பா கைதானார் என்று கணேசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அம்மா ராஜாமணி அம்மாளின் தலையில் குடும்ப பாரம் விழுந்தது. கொஞ்ச காலத்தில் ஜாகை திருச்சிக்கு மாறியது. விழுப்புரத்து மண் அவரை நடிகராக்கியது என்று எழுத ஆசைதான். எழுதினால் அது மாவட்டப் பெருமைக்காகச் சொன்ன பொய்யாகிவிடும். தவழ்ந்த ஊர் அவ்வளவே.

ஆனாலும் அந்த ஊரின் பெயர் அவருக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பெரிய ரயில் சந்திப்புகளில் விழுப்புரம் ஒன்று. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை என்று தஞ்சைக்குப் போகும் பழைய பாதை இங்கே பிரிகிறது. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையும் இங்கேதான் பிரிகிறது. திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒரு பாதை, பாண்டிச்சேரிக்கு ஒன்று. நாடகக் கம்பெனிகள் சீன் படுதாக்களையும் உடுப்புப் பெட்டிகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக முகாம் போட்ட காலத்தில் இப்படிப்பட்ட சந்திப்புகளைத் தொடாமல் எங்கேயும் போக முடியாது. இன்னொரு விஷயமும் உண்டு. இது தெருக்கூத்து வட்டாரம். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் ராத்திரி தொடங்கி விடியும்வரை பாரதக் கூத்து நடக்கும். ஆண்களே பெண் வேஷம் கட்டுவார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசியில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் கேட்கிற மாதிரி பாடுவார்கள். கணேசன் பின்னால் சினிமாவுக்குக் கொண்டுவந்தது ஏறக்குறைய இதே உடம்பையும் இதே தொண்டையையும்தான். அவற்றை அவர் சம்பாதித்த இடம் மட்டும் வேறு.

சீதையாக வந்தவர்

சிறு பையனாக இருந்தபோது கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்ததுதான் நடிப்புப் பைத்தியம் பிடிக்கக் காரணம் என்று கணேசன் சொல்லியிருக்கிறார். ஏழெட்டு வயதில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குத் தெரியாது. தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொல்லித்தான் சேர்ந்தார். முதல் நடிப்பு அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

பாய்ஸ் கம்பெனி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். பெரிய நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியாமல் சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் சிறுவர்களை வைத்தே நாடகம் போடத் தொடங்கினார்கள். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய சபாவிலிருந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள் கிளம்பினார்கள். சுவாமிகள் 1922-ல் மறைந்தது பாண்டிச்சேரியில். விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. கம்பெனி வாழ்க்கை என்பது பாதி குருகுலம், பாதி ஜெயில். விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள். பாட்டு, வசனம், நடை, கத்திச் சண்டை, நடனம் எல்லாம் வாத்தியார் முன்னால் மனப்பாடம். தப்பினால் பிரம்பு. வருஷக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. சாப்பாடும் உடுப்பும் கம்பெனி பொறுப்பு, சம்பளம் என்பது பேருக்கு. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வேஷத்தை இன்னொருத்தன் அன்றைக்கே கட்ட வேண்டும் என்பதால் எல்லோருக்கும் எல்லா வேஷமும் பாடமாகியிருக்கும்.

கணேசனின் முதல் வேஷம் ராமாயணத்தில் சீதை. பிறகு அதே நாடகத்தில் பரதன், சூர்ப்பணகை, இந்திரஜித். ஒரே கதைக்குள் அழுகிற பெண்ணாகவும் மயக்க வருகிற அரக்கியாகவும் வில்லெடுக்கிற வீரனாகவும் மாறி மாறி நின்ற பையனுக்குப் பின்னாளில் ஒரே படத்தில் ஒன்பது வேஷம் கொடுத்தால் அவன் ஏன் மலைக்கப்போகிறான்? காக்கா ராதாகிருஷ்ணன் அந்தக் காலத்துத் தோழர். எம்.ஆர்.ராதாவும் அதே கம்பெனியில் இருந்தார். மேடையில் பயமில்லாமல் நிற்பது எப்படி என்பதை ராதா அண்ணனிடம் கற்றவர்கள் பலர், கணேசனும் அதில் ஒருவர்.

அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்' நாடகம் நாற்பதுகளின் நடுவில் மேடையேறியது. சிவாஜி வேஷம் முதலில் எம்.ஜி.ஆருக்குப் போவதாக இருந்தது. அது அமையாமல் போய், டி.வி.நாராயணசாமி சிபாரிசில் மெலிந்த இளைஞன் கணேசனுக்கு வந்தது. காலையில் அண்ணா கொடுத்துவிட்டுப் போன வசனத்தை அன்றைக்கே படித்து நடித்துக் காட்டினார். காகபட்டர் வேஷத்தில் அண்ணாவே மேடையில் நின்றார். நாடகம் பார்த்த பெரியார், இனி இவர்தான் சிவாஜி என்று பாராட்ட, பெயர் ஒட்டிக்கொண்டது. கடவுள் இல்லை என்றவர் வைத்த பெயர். அந்தப் பெயரோடுதான் அவர் சிவனாகவும் பெரியாழ்வாராகவும் அப்பராகவும் திரையில் நின்றார். தமிழ்நாட்டில் இதையெல்லாம் யாரும் முரணாக எடுத்துக்கொள்வதில்லை.

வேலூர்க்காரர் பிடித்த பிடி

சக்தி நாடக சபாவின் 'நூர்ஜஹான்' வேலூரில் நடந்தது. நூர்ஜஹானாக வந்தவர் கணேசன். பார்த்துக்கொண்டிருந்த பி.ஏ.பெருமாள் முதலியார் மனதில் ஒன்று விழுந்தது. பாவலர் பாலசுந்தரத்தின் 'பராசக்தி' நாடகத்தைப் படமாக்க முடிவு செய்தபோது இந்தப் பெண் வேஷக்காரன்தான் குணசேகரன் என்றார். கூட்டாளியான ஏவி.எம். தரப்புக்கு நம்பிக்கை வரவில்லை. ஆள் ஒல்லி, முகம் புதிது, கே.ஆர்.ராமசாமி போன்ற தேர்ந்த கை இருக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு என்ற பேச்சு அடிபட்டது. படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே ஆளை மாற்றும் யோசனை வந்தது. பெருமாள் அசையவில்லை. கணேசன் உடம்பு தேறிவந்த பிறகு சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள்.

1952 அக்டோபர் 17, தீபாவளி. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், கலைஞர் வசனம். அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. நீதிமன்றக் காட்சி வசனத்தை ஒப்பிக்காத இளைஞன் அன்றைக்குத் தமிழ்நாட்டில் குறைவு. படத்தைத் தடை செய்யச் சொல்லி ஒரு பக்கம் கூச்சல், மறுபக்கம் தியேட்டர் வாசலில் கூட்டம். எஸ்.எஸ்.ராஜேந்திரனுக்கும் வாழ்வு கொடுத்த படம் அது. சிவாஜி இதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்குச் சீர் எடுத்துக்கொண்டு பெருமாள் வீட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார். சினிமாவில் நன்றி என்பது வெள்ளி விழா மேடையோடு முடிந்துவிடும் சரக்கு. இவர் அதை ஆயுள் முழுக்கக் கட்டிக்காத்தார்.

பராசக்தியை இன்றைக்குப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். முதல் படம் என்ற தடுமாற்றம் எங்கேயும் இல்லை. பைத்தியக்காரனாக நடித்து ஏமாற்றும் காட்சிகளில் உடம்பு ரப்பராக வளைகிறது, கோர்ட்டில் அதே உடம்பு தூணாக நிற்கிறது. இருபத்து நான்கு வயது. ஆனால் மேடை அனுபவம் பதினைந்து வருஷத்துக்கு மேல்.

மிகை நடிப்பா?

சிவாஜியைப் பற்றி எழுதும் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஓவர் ஆக்டிங் என்று ஒரு தலைமுறையே அவரை ஒதுக்கி வைத்தது. மிமிக்ரிக்காரர்கள் பிழைப்பே நடத்தினார்கள்.

என் பதில் இரண்டு பகுதியாக இருக்கும். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த சில படங்களைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு உண்மைதான். கதை நொண்டியாக இருந்தால் நடிகர் இரண்டு பேர் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது, சுமந்தார், மூச்சு வாங்கியது. ஆனால் ஒட்டுமொத்தமாக அந்த முத்திரையைக் குத்துகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கிறார்கள். முதலாவது, அவர் பயின்றது ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில். புருவம் உயர்ந்தால் தரை டிக்கெட்டுக்கும் தெரிய வேண்டும், குரல் கடைசித் தட்டியில் போய் மோத வேண்டும். அந்தக் காலத்து ரசிகர்களும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் சினிமாவுக்கு வந்தார்கள். இரண்டாவது, அடக்கி வாசிக்கத் தெரியாமல் அவர் உரக்க வாசிக்கவில்லை. பராசக்தி வந்து இரண்டே வருஷத்தில் எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). பாட்டு இல்லை, நடனம் இல்லை. தொடக்கத்திலேயே நாயகன் சுட்டுக் கொல்லப்படுகிறான், மற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் அவன் யார் என்று தெரிகிறது. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ இன்ஜினீயர் ராஜன். படித்த, கசந்துபோன, தன் நியாயத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லும் துரோகி. வளர்ந்துவரும் நட்சத்திரம் எவனும் தொடத் தயங்கும் வேஷம். பரபரப்பு இல்லாமல் செய்துவிட்டுப் போனார்.

உடம்பை அவர் எப்படிக் கையாண்டார் என்பதற்கு 'பாகப்பிரிவினை' (1959) ஒரு பாடம். ஒரு கையும் காலும் விளங்காத கிராமத்துக் கன்னையன். படம் முழுக்க அந்த ஊனம் ஒரு ஃப்ரேமில்கூட நழுவாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) இன்னொன்று. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், மூச்சு எடுக்கிற இடத்தில் கண் லேசாகச் சொருகுவதும் சிவாஜி. வாசிப்பவர்களை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் கர்வம் தோளில் தெரிகிறது, வித்தை உதட்டில் தெரிகிறது.

'தெய்வ மகன்' (1969) பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். ஏ.சி.திருலோகசந்தர் இயக்கம். அப்பா, இரண்டு பிள்ளைகள், மூன்றும் சிவாஜி. அப்பாவுக்கும் மூத்தவனுக்கும் முகத்தில் கோரம், இளையவன் அழகன். மூன்று பேரும் ஒரே அறையில் நிற்கும்போது நிழலை வைத்தே யார் எவர் என்று சொல்லிவிடலாம். ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் அது.

இனி 'நவராத்திரி' (1964), அவருடைய நூறாவது படம். ஏ.பி.நாகராஜன் நவரசத்துக்கு ஒன்றாக ஒன்பது மனிதர்களை எழுதினார். சாவித்திரி ஒருத்தி ஒன்பது ராத்திரிகளில் இந்த ஒன்பது பேரையும் சந்திக்கிறாள். வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி தேடுபவர்கள் இங்கிலாந்தின் அலெக் கின்னஸைச் சொல்வார்கள். மேடையிலிருந்து வந்தவர், 1949-ல் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராக வந்தார், அதில் ஒரு சீமாட்டியும் உண்டு. அபாரமான வேலை. ஆனால் அந்த எட்டுப் பேரும் ஒரே சாதி, ஒரே நக்கல், பலர் வந்த வேகத்தில் செத்துப்போகிறார்கள். நம் ஒன்பது பேரில் செல்வந்தர், குடிகாரர், டாக்டர், துப்பாக்கி ஏந்தியவர், கிராமத்து அப்பாவி, தொழுநோயாளி, வேட்டைக்காரர் என்று சமூகமே இருக்கிறது. கின்னஸ் நம்மைச் சிரிக்க வைக்கிறார், சிவாஜி ஒரு இரவுக்கு ஒரு முறை நம் மனதை மாற்றுகிறார். என் ஓட்டு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஒன்பதில் ஏழாவதை நம் வட்டாரத்துக்காரர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். சத்தியவான் சிங்காரம், தெருக்கூத்துக்காரன். பெண் வேஷக்காரன் கிடைக்காமல் சாவித்திரியையே மேடையேற்றிச் சத்தியவான் சாவித்திரி கூத்து நடக்கிறது. அந்தக் குழைவு, அந்தக் கால் வீச்சு, சபையைப் பார்த்து ஒரு வரி, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து ஒரு வரி என்று திரும்பும் வேகம் எல்லாமே கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நகரத்துப் படம் எடுப்பவர்கள் கூத்தைக் கேலிப்பொருளாகவே காட்டிவந்த காலம். கேலியும் இருக்கிறது, ஆனால் ஆடுகிறவனின் தொழில் கௌரவமும் கூடவே இருக்கிறது. சீதை வேஷம் கட்டிய ஒருவர்தான் அப்படி ஆட முடியும்.

கைவிடாத மேடை

சினிமாவில் கொடிகட்டிப் பறந்தவர்கள் மேடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இவர் சிவாஜி நாடக மன்றம் வைத்து ஓய்ந்த நாட்களிலெல்லாம் நாடகம் போட்டார். சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1957-ல் சேலத்தில் மேடையேறியது. பல ஊர்களில் அதன் வசூல் நன்கொடையாகப் போனது. சிறு வயதில் கூத்தில் பார்த்த கட்டபொம்மனை முதலில் மேடையில் நின்று தீர்த்துக்கொண்டு, அப்புறம்தான் 1959-ல் பி.ஆர்.பந்துலுவின் டெக்னிகலர் படத்தில் நடித்தார். ஜாக்சன் துரையாக சி.ஆர்.பார்த்திபன் எதிரே உட்கார்ந்திருக்க, வரிக்கு வரி ஏறும் அந்தக் குரலின் படிக்கட்டுகள் நூற்றுக்கணக்கான ஜனங்களின் முன்னால் மேடையிலேயே செதுக்கப்பட்டவை. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அதற்குத்தான் கிடைத்தது. 'வியட்நாம் வீடு', 'தங்கப்பதக்கம்' இரண்டும் அப்படியே முதலில் நாடகம், பிறகு படம். ஓய்வுபெற்ற பிரெஸ்டீஜ் பத்மநாபனையும் எஸ்.பி. சௌத்ரியையும் படத்தில் பார்த்து அசந்தவர்களுக்கு, அவற்றை அவர் மேடையில் எத்தனை இரவு போட்டுப் பார்த்துப் பதம் கண்டார் என்பது தெரியாது.

ஐரோப்பாவில் இது சாதாரணம். லாரன்ஸ் ஒலிவியே மேடையில் ஹாம்லெட் ஆடிவிட்டு 1948-ல் அதையே படமாக்கி ஆஸ்கர் வாங்கினார். அவருக்குப் பின்னால் ஓல்டு விக் போன்ற நிலையான அரங்குகள் இருந்தன. இங்கே பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. சிவாஜி தன் கைக்காசிலும் தன் பெயரிலும்தான் மேடையைத் தாங்கினார். 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) அந்த மூடிப்போன கம்பெனிகளுக்கு அவர் எடுத்த திவசம். அதில் ஹாம்லெட்டாகவும் அரிச்சந்திரனாகவும் ஒரே நடிகன் வந்து போவான்.

விருதுக் கணக்கை வேகமாக முடித்துவிடலாம். 1966-ல் பத்மஸ்ரீ, 1984-ல் பத்மபூஷண், 1995-ல் பிரான்ஸ் அரசின் செவாலியே, பிறகு தாதாசாகேப் பால்கே. சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசிவரை இல்லை. 'தேவர் மகன்' (1992) படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது கொடுத்தார்கள், அவ்வளவுதான். இது சிவாஜிக்குக் குறையா, விருதுக்குக் குறையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மார்லன் பிராண்டோ சொன்னதாக மேடைக்கு மேடை முழங்கப்படும் பாராட்டையும் நாம் கைவிட்டுவிடலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமலே அவர் நிற்பார்.

அரசியல் அவருக்கு ஒட்டவில்லை. திருப்பதி போய்வந்ததற்காகத் தி.மு.க. மேடையில் பரிகாசத்துக்கு ஆளாகி விலகினார். காமராஜர் பின்னால் நின்றார், மாநிலங்களவைக்குப் போனார். 1988-ல் 'தமிழக முன்னேற்ற முன்னணி' என்று சொந்தக் கட்சி தொடங்கி, 1989-ல் திருவையாற்றில் தோற்றார். திரையில் எந்த வேஷத்துக்குள்ளும் நுழைந்தவருக்கு அரசியல்வாதி வேஷம் மட்டும் கடைசிவரை கூடிவரவில்லை. என் பார்வையில் அது அவருக்குப் பெருமைதான்.

ஐம்பத்தாறு வயதில் பாரதிராஜாவிடம் போய் 'முதல் மரியாதை' (1985) செய்தார். மலைச்சாமி. விக் இல்லை, அலங்காரம் இல்லை, முழங்கும் வசனமும் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற நடையிலேயே ஒரு மனிதனின் கசந்த தாம்பத்யம் தெரிகிறது. ஓவர் ஆக்டிங் என்றவர்கள் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டார்கள். இதைத்தான் அவர் 'அந்த நாள்' காலத்திலேயே செய்து காட்டியிருந்தார், நாம்தான் கேட்கவில்லை. 2001 ஜூலை 21-ம் தேதி சென்னையில் காலமானார். 280-க்கும் மேற்பட்ட படங்கள் பின்னால் நின்றன.

மெரினா கடற்கரைச் சாலையில் 2006-ல் வைத்த சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்குப் போய், 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்கு இடம் மாறியது. ஆகவே நூற்றாண்டுக்கு விழுப்புரம் இன்னொரு சிலையைப் பற்றி யோசிக்க வேண்டாம். நாடகம் போடட்டும். 2028 அக்டோபர் முதல் வாரத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'வியட்நாம் வீடு', 'தங்கப்பதக்கம்' மூன்றையும் இளைஞர்கள் மேடையேற்றட்டும். ஒரு ராத்திரியைத் திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கூத்துக் குழுக்களுக்கு விடிய விடியக் கொடுக்கட்டும். மண்டபம் கிடைத்தால் மண்டபம், கிடைக்காவிட்டால் கோயில் திடல். பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைக்கட்டும். நாடகத்துக்கு ஒத்திகை என்று ஒன்று உண்டு, அதற்கு மாதங்கள் ஆகும். மாவட்ட நிர்வாகமும், கல்லூரிகளும், இன்னும் படப்பெட்டிக்குச் சூடம் காட்டிய நினைவோடு இருக்கும் மூத்த ரசிகர்களும் இப்போதே உட்கார்ந்து பேசத் தொடங்க வேண்டும்.